குடல் இணைப்புக்கு முன் பச்சை ஒளியைப் படிப்பது எப்படி?

குடலை வெட்டி இணைக்கும் எந்த அறுவை சிகிச்சையிலும் ஒரு கேள்வி வந்தே தீரும்: இந்த முனைக்கு ரத்தம் போதுமா? காலங்காலமாகக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும்தான் பதில் சொல்லி வந்திருக்கிறோம். நிறம் இளஞ்சிவப்பாக இருக்கிறதா, தட்டினால் குடல் அசைகிறதா, மெசென்ட்ரியில் (குடலுக்கு நாளங்களைக் கொண்டு வரும் மடிப்பில்) துடிப்பு தெரிகிறதா, வெட்டிய விளிம்பில் ரத்தம் பளிச்சென்ற சிவப்பில் வருகிறதா. நான்கும் நல்ல அடையாளங்கள். ஆனால் சிறு துளைகள் வழியே கேமராவால் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் விரலுக்கு வேலை இல்லை. கொழுப்பு அடர்ந்த மெசென்ட்ரியில் துடிப்பைத் தேடுவது வீண். நிறமோ கேமராவின் வெள்ளைச் சமநிலையைப் பொறுத்து மாறும். அதனால்தான் இன்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ரத்தத்தில் செலுத்தி, அது குடல் சுவரில் ஒளிர்வதை அண்மை அகச்சிவப்புக் கேமராவில் பார்க்கும் முறை இவ்வளவு வேகமாகப் பரவியது. தியேட்டரில் எல்லோரும் ஐசிஜி என்றே சொல்கிறோம்.

இந்தக் கட்டுரை முதன்முறையாக இதைச் செய்யப் போகும் பயிற்சி மருத்துவர்களுக்கும், அவர்களுடன் நிற்கும் செவிலியர்களுக்கும், சாயத்தைச் செலுத்தப் போகும் மயக்கவியல் மருத்துவர்களுக்கும் எழுதியது. கருவி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் கருவியுடன் வரும் கையேடு சொல்லும். திரையில் தெரிவதை எப்படி நம்புவது, எப்போது நம்பக் கூடாது என்பதை அது சொல்லாது.

சாயம் என்ன செய்கிறது

ஐசிஜி புதிய மருந்து அல்ல. அமெரிக்க ஒப்புதல் 1959-லேயே கிடைத்துவிட்டது. இதயத்தின் ரத்த வெளியேற்றத்தை அளக்கவும், கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவும், விழித்திரைக்குப் பின்னால் உள்ள நாளங்களைப் படம் பிடிக்கவும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வந்தது. குடலுக்கு வந்ததுதான் தாமதம்.

நாளத்துக்குள் போனவுடன் ஏறக்குறைய முழுவதும் பிளாஸ்மாப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் நாளத்தை விட்டு எளிதில் வெளியே கசியாது. ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போகும். சுமார் 800 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி, அதைவிடக் கொஞ்சம் நீண்ட அலைநீளத்தில், சுமார் 830 நானோமீட்டரில் திருப்பி விடும். இது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. திரையில் நாம் காணும் பச்சை, கேமரா பூசிக் காட்டும் நிறம். இந்த அலைநீள ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் ஊடுருவும். குடல் சுவருக்கு அது போதும், கொழுத்த மெசென்ட்ரிக்குப் போதாது.

கல்லீரல்தான் இதை வெளியேற்றுகிறது, அதுவும் பித்தத்தின் வழியாக. ரத்தத்தில் அரை ஆயுள் 3 முதல் 5 நிமிடம். சிறுநீரகத்துக்கு இதில் பங்கு இல்லை, எனவே டயாலிசிஸ் நோயாளிக்கும் கொடுக்கலாம். கல்லீரல் பலவீனமாக இருந்தால் சாயம் நீண்ட நேரம் தங்கும். ஒரே அறுவையில் இரண்டாவது முறை கொடுக்க நினைத்தால் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

அறுவைக்கு முந்தைய நாள்

மூன்று கேள்விகள் கேளுங்கள். ஐசிஜிக்கு முன்பு ஒவ்வாமை வந்ததுண்டா? பெரும்பாலான ஐசிஜி தயாரிப்புகளில் சிறிதளவு சோடியம் அயோடைடு இருப்பதால், அயோடைடு ஒவ்வாமை உண்டா? அடுத்த ஒரு வாரத்துக்குள் தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் பரிசோதனை ஏதும் திட்டமிட்டிருக்கிறார்களா? ஆம் என்றால் அதைத் தள்ளி வைக்க வேண்டும், இல்லையேல் முடிவு பிசகும். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. அரிது என்பதால்தான் மறந்து போகிறோம், அட்ரினலின் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பதில் நஷ்டமில்லை. கர்ப்பிணிகளுக்குத் தேவையைத் தெளிவாக எடை போட்டுவிட்டே கொடுப்பது.

பெருங்குடல் புற்றுநோய்க்கு முன்கூட்டியே கொலனோஸ்கோப்பியில் கார்பன் மையால் அடையாளம் குத்தியிருந்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். கார்பன் அண்மை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நன்றாக ரத்தம் ஓடும் குடல்கூட அங்கே கறுப்பாகத் தெரியும். இது தெரியாமல் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டித் தள்ளுவது எளிது.

சாயத்தைக் கலப்பது

குப்பியில் 25 மி.கி. கரும்பச்சைப் பொடி இருக்கும். ஊசிக்கான தூய நீரில்தான் கரைக்க வேண்டும், சலைனில் கரைத்தால் படிவு விழ வாய்ப்பு உண்டு. 10 மி.லி. நீர் சேர்த்தால் 1 மி.லி.க்கு 2.5 மி.கி. கிடைக்கும். குப்பியைச் சுழற்றி, துகள் ஏதும் மிதக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கரைத்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதுங்கள், 6 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. காலையில் கலந்து மாலைக்கு மீதம் வைப்பது சிக்கனம் போலத் தோன்றும், ஆனால் ஒளிர்வு குறைந்தால் குடலில் பழுதா சாயத்தில் பழுதா என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

அளவு விஷயத்தில் மையத்துக்கு மையம் வழக்கம் மாறுகிறது. உடல் எடை கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மி.கி. வரை பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரு தடவைக்கு 2.5 மி.கி., 5 மி.கி. என்று எடை பாராமல் கொடுப்பவர்களும் உண்டு. பெரியவர்களுக்கு மொத்தம் கிலோவுக்கு 2 மி.கி. தாண்டக் கூடாது என்பது மேல் எல்லை, நமக்கு அதன் பக்கத்தில்கூடப் போக வேண்டிய தேவை வராது. உங்கள் தியேட்டரில் ஓர் அளவை முடிவு செய்து, எல்லோருக்கும் அதையே கொடுங்கள். இன்று 5, நாளை 12.5 என்று மாற்றிக்கொண்டிருந்தால் எது சாதாரண ஒளிர்வு என்ற பழக்கம் கண்ணுக்கு வராது.

சாயத்தை இழுத்து வைக்கும் வேலையை ஸ்க்ரப் செய்து கிருமி நீக்கிய கையுறையோடு நிற்பவர் தொடவே வேண்டாம். ஒரு சொட்டு கையுறையில் பட்டுவிட்டால் போதும். அந்த விரல் பட்ட ஒவ்வோர் இடமும் திரையில் மினுங்கும். சாயம் இன்னும் நாளத்துக்குள் போகவே இல்லை, அதற்குள் சீரோசாவில் (குடலின் வெளி உறையில்) ஒரு பச்சைத் திட்டு தெரிகிறது என்றால் முதலில் கையுறையைச் சந்தேகப்படுங்கள்.

வெட்டும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மெசென்ட்ரியைப் பிரித்து, நாளங்களைக் கட்டி முடித்து, வெள்ளை ஒளியில் பார்த்து, 'இங்கேதான் வெட்டுவேன்' என்று ஓர் இடத்தைக் குறியுங்கள். ஒரு கிளிப், அல்லது ஒரு தையல், அல்லது மின்கத்தியால் சீரோசாவில் ஒரு சிறு புள்ளி. அதற்குப் பிறகுதான் சாயம்.

ஏன் என்றால், குறிக்காமல் சாயத்தைச் செலுத்தினால் ஒளிர்வு எங்கே முடிகிறதோ அதற்கு ஏற்றாற்போல 'நானும் இங்கேதான் நினைத்திருந்தேன்' என்று மனம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும். அப்படிச் செய்தால் சாயம் உங்கள் முடிவை மாற்றியதா இல்லையா என்பது உங்களுக்கே தெரியாது. குறித்துவிட்டுப் பார்த்தால், நீங்கள் வைத்த அடையாளத்துக்கும் ஒளிர்வு எல்லைக்கும் நடுவே உள்ள இடைவெளி கண்முன் நிற்கும். பத்துப் பதினைந்து அறுவைகளில் உங்கள் கண் எந்தப் பக்கம் தவறுகிறது என்பதும் புரியத் தொடங்கும்.

மெசென்ட்ரியைப் பிரித்து முடிக்கும் முன்பே சாயம் கொடுப்பதும் வீண். இனிமேல் நீங்கள் கட்டப் போகும் நாளம் இப்போது ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். குடல் அழகாக ஒளிரும், பத்து நிமிடம் கழித்து அது உண்மையாக இருக்காது.

சாயம் போகும் அந்த ஒரு நிமிடம்

செலுத்தும் முன் மயக்கவியல் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: ரத்த அழுத்தம் என்ன, வாசோபிரஸர் (நாளங்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) ஓடுகிறதா, எந்தக் கேனுலாவில் போடப் போகிறீர்கள்? ரத்த அழுத்தப் பட்டை கட்டியிருக்கும் கையில் போட்டால், சரியாக அந்த நேரம் பார்த்துப் பட்டை காற்று ஏற்றிக்கொள்ளும். சாயம் முழங்கையில் காத்துக் கிடக்கும், நீங்கள் திரையைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். மறு கையில் போடச் சொல்லுங்கள். சாயம் ஒரே மூச்சில் போக வேண்டும், பின்னாலேயே 10 மி.லி. சலைன் தள்ள வேண்டும். விரல் நுனி ஆக்ஸிஜன் அளவுகோல் சில நொடிகள் பொய்யாக இறங்கிக் காட்டலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் பதற வேண்டாம்.

குடலைப் பொறுத்தவரை: ரத்தம் படிந்திருந்தால் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். தொங்கும் கொழுப்புக் குஞ்சங்களை ஒதுக்குங்கள். குடலை இழுத்துப் பிடிக்காதீர்கள், இழுவை நாளங்களைச் சுருக்கும். மெசென்ட்ரி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கேமராவைக் குடலுக்கு நேராக, ஒரே தொலைவில் நிறுத்தி அசையாமல் வையுங்கள். தொலைவு கூடினால் ஒளிர்வு மங்கும், சாய்ந்தால் ஒரு பக்கம் மங்கும், படத்தின் நடுவில் இருப்பது ஓரத்தில் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும். திறந்த அறுவை என்றால் மேலே உள்ள விளக்குகளை அணைக்க வேண்டும், சன்னல் வெளிச்சமும் வேண்டாம்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. படத்துக்குள் சந்தேகப்படும் பகுதி மட்டும் இருக்கக் கூடாது. நாளம் எதுவும் தொடப்படாத ஆரோக்கியமான குடல் ஒரு சாண் அளவாவது சேர்ந்து தெரிய வேண்டும். பல கருவிகள் படத்தின் பிரகாசத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். ஒளிராத குடலை மட்டும் காட்டினால், இருக்கும் கொஞ்ச ஒளியை இழுத்துப் பெருக்கி நன்றாக இருப்பது போலக் காட்டிவிடும். ஒப்பிட ஆரோக்கியமான குடல் பக்கத்தில் இருந்தால் இந்த ஏமாற்று நடக்காது. கருவியில் கறுப்பு வெள்ளை, பச்சை மேற்பூச்சு, நிறப் பட்டை என்று பல காட்சிகள் இருக்கும். வேறுபாடு நன்றாகத் தெரிவது கறுப்பு வெள்ளையில்தான். மேற்பூச்சுக் காட்சி பார்க்க அழகு, பார்வையாளர்களுக்குக் காட்டவும் அழகு.

இப்போது செலுத்தச் சொல்லுங்கள். 'உள்ளே போச்சு' என்று அவர் சொன்ன கணத்தில் ஒருவர் நேரத்தைத் தொடங்க வேண்டும். சத்தமாகப் பத்து, இருபது, முப்பது என்று சொல்லச் சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு மலக்குடல் அறுவை. கீழ் மெசென்ட்ரிக் தமனியை அடியில் கட்டியாகிவிட்டது. இனி இறங்கு பெருங்குடலுக்கு ரத்தம் நடுப் பெருங்குடல் தமனியில் இருந்து, குடலின் ஓரமாக ஓடும் விளிம்புத் தமனி வழியாகச் சுற்றி வர வேண்டும். முதலில் திரை இருட்டு. 25, 30 விநாடியில் மெசென்ட்ரியில் மெல்லிய கோடுகள் பளிச்சிடும், அவை தமனிகள். உடனே மேல் குடலின் சுவர் ஒளிரத் தொடங்கும். அந்த ஒளி கீழே, வெட்டப் போகும் முனையை நோக்கி நகரும். சில நொடிகளில் ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு கோடு தெரியும், மேலே வெள்ளை, கீழே கறுப்பு. அந்தக் கோட்டைப் பாருங்கள், உங்கள் கிளிப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிளிப் வெள்ளைக்குள் இருந்தால் நல்லது. கறுப்புக்குள் இருந்தால், கோட்டைப் புதிதாகக் குறித்துவிடுங்கள், இப்போதே, அந்த நொடியிலேயே. குறியைத் தள்ளிப்போட்டால் கோடு நகர்ந்துவிடும்.

ஏன் நகரும்? இதுதான் இந்த முறையின் பெரிய பொறி. கடைமடை வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டாலும், பக்கத்து வயலில் இருந்து ஊறி வந்த ஈரம் சற்று நேரம் கழித்து மண்ணைக் கறுக்க வைக்கும். தூரத்தில் இருந்து பார்ப்பவர் பாசனம் நடந்துவிட்டது என்று நினைப்பார். ரத்தம் குறைந்த குடலிலும் அப்படித்தான். சுவருக்குள் ஓடும் நுண்நாளங்கள் வழியாகச் சாயம் மெல்ல ஊர்ந்து வந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் கறுப்பாக இருந்த பகுதியையும் வெளுப்பாக்கிவிடும். அந்த ஊர்ந்து வந்த ரத்தம் ஓர் இணைப்பை ஆற்றும் அளவுக்குப் போதாது. ஆகவே முதல் நிமிடத்தில் கண்டதுதான் கணக்கு. 'கொஞ்சம் பொறு, வந்துரும்' என்று யாராவது சொன்னால், வரத்தான் செய்யும், அதனால்தான் பொறுக்கக் கூடாது.

நேரத்தைப் படிப்பது

கையில் உள்ள கேனுலாவில் போட்டால் பெரும்பாலும் அரை நிமிடத்தை ஒட்டிக் குடல் ஒளிரும். ஒரு நிமிடத்தைத் தாண்டியும் வெட்டு முனை ஒளிரவில்லை என்றால் பலரும் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் விநாடிக் கணக்கைத் தனியாக வைத்து முடிவெடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால், இதயம் மெதுவாக இயங்கினால், எல்லாமே தாமதமாகும். ஆரோக்கியமான குடல் 40-வது விநாடியில் ஒளிர்ந்து, முனை 45-ல் ஒளிர்ந்தால் கவலை இல்லை. ஆரோக்கியமான குடல் 25-லேயே ஒளிர்ந்து, முனை 60-ல்தான் மங்கலாக வந்தது என்றால் அந்த 35 விநாடி இடைவெளி ஏதோ சொல்கிறது.

பார்க்கும் காட்சியை நான் இப்படிப் பிரித்துக்கொள்வேன். எங்குமே ஒளி இல்லை என்றால் கேள்வி குடலைப் பற்றியது அல்ல. கேனுலா கழன்றதா, சாயம் போனதா, கேமரா சரியான காட்சிக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆரோக்கியமான பகுதி மட்டும் ஒளிர்ந்து முனை இருட்டாக இருந்தால் குடலுக்குத்தான் பிரச்சினை, வெட்டுக் கோட்டை மேலே தள்ளுங்கள். திட்டுத் திட்டாக ஒளிர்ந்தால், கொழுப்பு, படிந்த ரத்தம், கார்பன் மை ஆகியவற்றை முதலில் விலக்குங்கள். அதன் பிறகும் திட்டுகள் நின்றால் அதை நல்ல குடல் என்று சொல்ல மாட்டேன்.

குழப்பமானது நான்காவது: தாமதமாக வந்து, பிறகு நன்றாகவே ஒளிர்வது. இதற்கு உடனே வெட்டிவிட வேண்டாம். முறுக்கு, இழுவை, ரத்த அழுத்தம், வாசோபிரஸர் எல்லாவற்றையும் சரி பார்த்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, முந்தைய ஒளிர்வு மங்கிய பிறகு மறுபடியும் ஒருமுறை சாயம் கொடுங்கள். இரண்டாவது முறையும் அதே தாமதம் என்றால் நகர்ந்துவிடுவதுதான் என் வழக்கம். மேலும் இரண்டு சென்டிமீட்டர் குடலுக்காக யாரும் வருந்தியதில்லை, குடல் எட்டாத இடங்களைத் தவிர.

சிரை நெரிசலைச் சாயம் சரியாகக் காட்டாது. தமனி திறந்திருந்தால் சாயம் வந்துவிடும், போவதற்குத்தான் வழியிருக்காது. நீலம் பாரித்துத் தடித்த குடல் நன்றாக ஒளிர்கிறது, பிறகு மங்காமலேயே நிற்கிறது என்றால் உள்ளே வந்த ரத்தம் வெளியேறவில்லை என்று பொருள். அந்தக் குடலைத் திரையை நம்பி விட்டுவிடக் கூடாது.

கோட்டை நகர்த்தினால் வரும் அடுத்த சிக்கல்

மேலே தள்ளி வெட்டினால் குடல் நீளம் குறையும். இடுப்புக்குள் இறக்க எட்டாமல் போகலாம். எட்டினாலும் இழுவையோடு எட்டினால் அது இன்னொரு ஆபத்து. எனவே கோட்டை நகர்த்தும்போதே அடுத்த கேள்வியையும் எழுப்புங்கள்: மண்ணீரல் வளைவை, அதாவது மண்ணீரலுக்கு அருகே பெருங்குடல் திரும்பும் இடத்தை, இன்னும் விடுவிக்க வேண்டுமா? அந்த வளைவில், மேல் மெசென்ட்ரிக் தமனியின் எல்லையும் கீழ் மெசென்ட்ரிக் தமனியின் எல்லையும் சந்திக்கும் கிரிஃபித்ஸ் புள்ளி இருக்கிறது. விளிம்புத் தமனி சிலருக்கு அங்கே மெலிந்திருக்கும். கீழ் மெசென்ட்ரிக் தமனியை அடியில் கட்டியவர்களுக்கு ஒளிர்வு இந்த இடத்திலேயே தயங்குவது தெரிய வரும்.

இரண்டாவது முறை, இணைப்புக்குப் பிறகு

ஸ்டேப்ளர் போட்டு இணைத்த பிறகும் ஒருமுறை பார்ப்பது நல்லது. இந்த முறை இரண்டு பக்கத்தையும் பாருங்கள், கீழ் மலக்குடல் தண்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாய்ப்பு இருந்தால் ஆசனவாய் வழியாகவும் சளிச்சவ்வைப் பாருங்கள். வெளியில் இருந்து பார்க்கும்போது சீரோசாவைத்தான் அதிகம் பார்க்கிறோம், ரத்தக் குறைவில் முதலில் பாதிக்கப்படுவதோ சளிச்சவ்வு. காற்றுக் கசிவுச் சோதனையைச் சாயம் மாற்றாது. ஒன்று ரத்தத்தைப் பார்க்கிறது, மற்றது தையல் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறது.

அவசர அறுவையில்

நெரிபட்ட குடலிறக்கம், முறுக்கிய சிறுகுடல், மெசென்ட்ரிக் தமனி அடைப்பு ஆகிய இடங்களில்தான் இந்தக் கருவி மேல் எனக்கு மரியாதை அதிகம். குடலின் நீளத்தைக் காப்பாற்றுவது நோயாளியின் வாழ்க்கையையே மாற்றும். ஆனால் அவசரப்பட்டுச் சாயம் கொடுக்காதீர்கள். முறுக்கை அவிழ்த்து, ஆக்ஸிஜன் கூட்டி, திரவம் கொடுத்து ரத்த அழுத்தத்தை நிமிர்த்தி, வெதுவெதுப்பான ஈரத் துணியால் மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். தமனி அடைப்பை நீக்கியிருந்தால் அதற்குப் பிறகு பாருங்கள். அதிர்ச்சியில் இருக்கும் நோயாளிக்கு எல்லாக் குடலும் மங்கலாகத்தான் தெரியும். அதை வைத்து வெட்டினால் மிச்சம் இருக்க வேண்டிய குடலும் போய்விடும்.

சாயம் இந்த நொடியின் ரத்த ஓட்டத்தைத்தான் காட்டுகிறது. செல் செத்துவிட்டதா, நாளை சாகுமா என்று அது சொல்லாது. சந்தேகம் இருந்தால் இணைப்பைப் போடாமல், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடியும் திறந்து பார்க்கும் பழைய வழியை விட்டுவிடாதீர்கள். திரை பச்சையாக இருந்தது என்ற காரணத்தால் இரண்டாவது பார்வையை ரத்து செய்வது தவறு.

ஆதாரம் எவ்வளவு?

கட்டுப்பாட்டு ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2020-ல் வெளியான ஃபிளாக் ஆய்வில் 377 நோயாளிகளில், சாயம் பயன்படுத்தியபோது இணைப்பில் கசிவு 16.3 சதவீதத்தில் இருந்து 9.1 சதவீதமாகக் குறைந்தது. குறைவு பெரும்பாலும் தாழ்வான இணைப்புகளில்தான். ஜப்பானின் எசென்ஷியல் ஆய்வு மலக்குடல் புற்றுநோயாளிகள் 850 பேரைச் சேர்த்தது. அதில் கசிவு 11.8-க்கு எதிராக 7.6 சதவீதம். 2021-ல் வெளியான பில்லர் 3 ஆய்வில் 9.6, 9.0 என்று வித்தியாசமே இல்லை. ஆனால் அது திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமல் பாதியில் நின்றது.

என் கணக்கு எளிது. தாழ்வான மலக்குடல் இணைப்பு, முன்பு கதிரியக்கம் பெற்றவர், ரத்த நாள நோய் உள்ளவர் ஆகியோருக்கு இதை வழக்கமாக்குவேன். வலது பெருங்குடல் அறுவையில் நன்றாக ரத்தம் வடியும் விளிம்பு கண்முன் இருக்கும்போது இதனால் கிடைப்பது குறைவு. கசிவுக்கு ரத்தக் குறைவு ஒரு காரணம் மட்டுமே. இழுவை, புகைபிடித்தல், ஸ்டீராய்டு, ஊட்டக் குறைவு, குடலில் உள்ள நுண்ணுயிர்கள் ஆகிய எதையும் எந்தக் கேமராவும் காட்டாது.

சாயம் இல்லாத வழிகள்

திசுவில் இருந்து திரும்பும் ஒளியைப் பல அலைநீளங்களில் பிரித்து, ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டு நிறப் படமாகக் காட்டும் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமராக்கள் உள்ளன. சாயம் வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் படம் பிடிக்கும் நொடிகளில் குடல் அசையக் கூடாது. லேசர் ஸ்பெக்கிள் முறை ரத்த அணுக்களின் அசைவைப் படிக்கிறது. மூச்சு, குடலசைவு இரண்டும் அதைக் குழப்பும். புதிதாகத் தொடங்குபவர் ஐசிஜியில் கை பழகிய பிறகு இவற்றுக்குப் போவதே நல்லது.

எழுதி வைக்க வேண்டியவை

அறுவைக் குறிப்பில் 'ஐசிஜி நன்று' என்று மட்டும் எழுதுவது பயனில்லை. சாயத்தின் அளவு, எந்த நாளம், அந்த நேரத்து ரத்த அழுத்தம், வாசோபிரஸர் இருந்ததா, ஆரோக்கியமான குடல் எத்தனையாவது விநாடியில் ஒளிர்ந்தது, முனை எத்தனையாவது விநாடியில், குறித்த கோடு நகர்ந்ததா, எத்தனை சென்டிமீட்டர். சாயத்தைச் செலுத்திய நொடியில் இருந்தே காணொளியைச் சேமியுங்கள். அழகான கடைசிக் காட்சியை மட்டும் சேமித்தால் பின்னால் யாரும் அதில் இருந்து கற்றுக்கொள்ள முடியாது.

வார்டில் பணிபுரிபவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். சாயம் நன்றாக ஒளிர்ந்தது என்பதற்காகக் கசிவுச் சந்தேகத்தைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்றாம் நாளுக்குப் பிறகும் சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேலே நின்றாலோ, துடிப்பு வேகமானாலோ, வயிறு உப்பினாலோ சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புங்கள். தியேட்டரில் பார்த்த பச்சை நான்காவது நாளின் குடலைப் பற்றி எதுவும் சொல்லாது.